கற்கும் கைகள் – 9: வாசிக்கக் கேட்கும் திரை

பாடநூல்களில் 2018 முதல் அச்சாகும் கியூஆர் குறியீடுகளைச் சென்ற வாரம் பார்த்தோம். ஸ்கேன் செய்தால் காணொளி ஓடும், பிள்ளை பார்க்கும். எழுத்துக்கூட்டத் தடுமாறும் இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அது போதாது. அந்தப் பிள்ளை வாய்விட்டு வாசிக்க வேண்டும். வாசிப்பதைக் கேட்டுத் திருத்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

கல்வராயன் மலையில் அந்த ஒருவர் கிடைப்பதுதான் கடினம். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து மேலே ஏறினால் வெள்ளிமலை. சுற்றியுள்ள சிற்றூர்களில் பெரும்பாலும் மலையாளி பழங்குடி மக்கள். சாமையும் மரவள்ளியும் மட்டும் ஆண்டு முழுவதற்கும் சோறு போடாததால் கேரளம், கர்நாடகம் என்று கூலி வேலைக்குப் போகும் குடும்பங்கள் பல. பிள்ளை தாத்தா பாட்டியோடு இருக்கும். வீட்டில் ஒரே செல்போன் இருந்தால் அது அப்பாவோடு போய்விடும். பள்ளியிலோ, பல இடங்களில் இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்பையும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பிள்ளையும் வாசிப்பதைத் தினமும் பத்து நிமிடம் உட்கார்ந்து கேட்க அவர்களுக்கு நேரம் எங்கே?

அந்த இடத்தைக் கருவி ஓரளவு நிரப்பும் என்று ஒரு நிகழ்ச்சி காட்டியது. 2022 ஜூன் மாதத்தின் முதல் இரண்டு வாரங்களில், தன்னார்வலர்கள் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தந்த இல்லம் தேடிக் கல்வி மையங்களில் ஒரு வாசிப்பு மாரத்தான் நடந்தது. தன்னார்வலர்களின் செல்போன்களில் கூகுளின் ‘ரீட் அலாங்’ செயலியைத் திறந்து பிள்ளைகள் கதை வாசித்தார்கள். தமிழ்நாடு முழுவதும் சுமார் 18 லட்சம் பிள்ளைகள், ஏறத்தாழ 263 கோடிச் சொற்கள்.

அந்தச் செயலி வேலை செய்யும் விதம் எளிது. திரையில் ஒரு வரி வரும். பிள்ளை சத்தமாக வாசிக்க வாசிக்க, சரியாகச் சொன்ன சொல் நிறம் மாறும். திக்கினால் சொல்லைத் தொட வேண்டும். தியா என்ற பொம்மை உச்சரித்துக் காட்டும். முடித்தால் நட்சத்திரம். கதைகளை முன்னரே இறக்கி வைத்துவிட்டால் இணையம் வேண்டியதில்லை. டவர் எட்டாத ஊர்களுக்கு இதைவிடப் பெரிய வசதி இல்லை.

நான் மதிப்பது அதன் பொறுமையை. ‘கொ’ என்பதைப் பாருங்கள். ஒலியில் முதலில் வருவது க்; எழுத்திலோ கொம்பு முன்னால், கால் பின்னால். இந்த முடிச்சை அவிழ்க்க ஒரு பிள்ளைக்கு இருபது முறை ஆகலாம், இன்னொன்றுக்கு நூறு முறை ஆகலாம். வகுப்பில் மூன்றாவது முறை தப்பாக வாசித்தாலே பின்பெஞ்சு சிரிக்கும். அன்றோடு அந்தப் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். கருவி நூறாவது முறையும் முகம் சுளிக்காமல் கேட்கும்.

தேவை எவ்வளவு பெரியது என்பதை, கிராமப்புறப் பிள்ளைகளின் கற்றலை அளக்கும் ஏசர் ஆய்வு காட்டியது. தமிழகக் கிராமப்புறங்களில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 2018இல் 10.2 சதவீதம், கொரோனா அடைப்புக்குப் பின் 2022இல் 4.8 சதவீதம். அந்த ஆண்டு ஜூனில்தான் அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கியது. அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, பிள்ளை நிற்கும் இடத்திலிருந்தே கற்பிக்கும் அந்த ஏற்பாடு சரியானது. தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் 79,723 பேருக்குக் கையடக்கக் கணினி, 22,931 திறன்மிகு வகுப்பறைகள் என்று அரசு பின்னர் அறிவித்தது. திறன்மிகு வகுப்பறையின் சுவரில் பெரிய திரை இருப்பது நல்லதுதான். ஆனால் அதில் ஒரு பிள்ளை தொட, மற்றவர்கள் பார்வையாளர் ஆவார்கள். வாசிப்புப் பழக்கத்துக்கு ஆசிரியரின் கையில் உள்ள சிறு கணினிதான் உதவும். அது மதிப்பெண் பதியவும் படிவம் நிரப்பவும் மட்டும் பயன்பட்டால் பாழ். நாளுக்கு அரைமணி நேரம் அது பிள்ளைகளின் கைக்குப் போக வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பேச்சை அறியும் கருவி, தான் எந்தக் குரல்களைக் கேட்டுப் பயின்றதோ அந்த உச்சரிப்பையே சரி என்று கொள்ளும். மலைப்பிள்ளையின் பேச்சுத் தமிழுக்குத் தனி ராகம் உண்டு, தனிச் சொற்கள் உண்டு. சரியாக வாசித்தும் திரை ஏற்க மறுத்தால், தன் நாக்கே தப்பு என்று ஏழு வயதுப் பிள்ளை நினைத்துக்கொள்ளும். அப்போது “நீ சரியாத்தான் வாசிச்சடா கண்ணு” என்று சொல்லப் பக்கத்தில் ஆள் வேண்டும். 263 கோடி என்ற எண்ணும் வாய் உச்சரித்த சொற்களின் கணக்குதான். படித்தது புரிந்ததா என்று ஆசிரியர்தான் கேட்டறிய வேண்டும்.

இன்னொரு குறை, கதைகள். கடுக்காய் பொறுக்கப் போகும் பாட்டியும், சாமைக் கொல்லையில் குருவி விரட்டும் தம்பியும் திரையில் வருவதே இல்லை. தெரிந்த உலகத்தைப் பற்றிய வரியென்றால் அடுத்த சொல்லைப் பிள்ளை பாதி ஊகித்தே வாசித்துவிடும். முதல் படியில் அந்த ஊகம் பெரிய துணை. இதற்கு வழியும் இருக்கிறது. பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015இல் தொடங்கிய ‘ஸ்டோரிவீவர்’ தளத்தில் யார் வேண்டுமானாலும் படக்கதை எழுதலாம். அங்குள்ள படங்களையே எடுத்தாளலாம், காசு கிடையாது. எழுதிய கதையை இறக்கி, இணையம் இல்லாமலும் படிக்கலாம்.

வெள்ளிமலை, சேராப்பட்டு, கரியாலூர் பக்கம் பணிபுரியும் ஆசிரியர்களே, அங்கே படித்து இன்று கல்லூரிக்குப் போகும் தம்பி தங்கைகளே, உங்கள் ஊர்ப் பாட்டி சொன்ன கதை ஒன்றைப் பத்துப் பக்கமாக, பக்கத்துக்கு இரண்டு வரியாக எழுதி ஏற்றுங்கள். பழக்கமில்லாதவர்கள் தாளில் எழுதி இந்த இதழின் முகவரிக்கு அனுப்புங்கள்.

(தொடரும்)