‘எனர்ஜைஸ்’ என்னும் வினையும் அதன் தமிழாக்கமும்

‘வேலை’ எனப் பொருள்படும் ‘எர்கோன்’ என்ற கிரேக்கச் சொல்லினின்று கிளைத்தது ‘எனர்ஜி’. அதன் வினை வடிவம் ‘எனர்ஜைஸ்’. மனிதரைக் கிளர்ச்சியுறச் செய்தல், கம்பியிலோ கருவியிலோ மின்சாரம் செலுத்துதல் ஆகிய இரு பொருள்களில் அது வழங்குகிறது.

முதற்பொருளுக்குத் தமிழில் சொற்பஞ்சம் இல்லை. ‘ஊக்குவி’ என்பது இன்று பரிசும் பாராட்டும் அளித்தல் என்னும் பொருளை நோக்கிச் சாய்ந்துவிட்டது. ஆகவே ‘உற்சாகமூட்டு’, ‘புத்துயிரூட்டு’ என்பனவே பெரும்பாலும் பொருந்தும். இங்கு இலக்கண வேறுபாடு ஒன்று கருதத்தக்கது. ஆங்கிலத்தில் தொண்டர்கள் செயப்படுபொருள். தமிழில் ‘தொண்டர்களுக்கு உற்சாகம் ஊட்டியது’ என நான்காம் வேற்றுமை ஏற்பர். ‘தொண்டர்களை ஆற்றல்படுத்தியது’ என்பது ஆங்கில வாக்கியத்தின் நிழலேயாகும்.

திருவனந்தபுரத்தில் இருந்து மலையாளத்தைத் தமிழாக்குவோர்க்கு வேறோர் இடர் உண்டு. ‘ஊர்ஜ்’ என்னும் வடமொழி வேர் வலிமையைக் குறிப்பது. மலையாளத்தில் ‘ஊர்ஜ்ஜம்’ என்றால் ஆற்றல். ‘ஊர்ஜ்ஜிதமாக்குக’ என்றால் முடுக்கிவிடுதல். ‘திரச்சில் ஊர்ஜ்ஜிதமாக்கி’ என்னும் நாளிதழ்த் தலைப்பின் பொருள் ‘தேடுதல் தீவிரமாக்கப்பட்டது’ என்பதே. தமிழிலோ ‘ஊர்ஜிதம்’ உறுதிப்பாட்டைக் குறிக்கும். எழுத்தொப்புமையை நம்பினால், தேடப்படுவோர் கிடைத்துவிட்டனரோ என்று வாசகர் மயங்குவர்.

மின்துறைப் பொருளே கூடுதல் கவனம் வேண்டுவது. இந்திய அலுவலக ஆங்கிலத்தில் பம்புசெட்டை ‘எனர்ஜைஸ்’ செய்தல் என்பது புதிதாக மின் இணைப்பு வழங்குதலேயன்றி வேறன்று. உழவரும் ‘கரண்டு கிடைத்தது’ என்றே கூறுவர். இதற்கு ‘மின்னூட்டு’ என்று எழுதுவது பிழைபடும். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ‘மின்னூட்டம்’ பொருளில் உறையும் மின்னேற்றத்தையே குறிக்கிறது. இலங்கைத் தமிழில் அதற்கு ‘ஏற்றம்’ என்பது வழக்கு.

கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசுடன் கடிதத் தொடர்பு கொள்ள இடமளிக்கிறது. தேவிகுளத்திலோ சித்தூரிலோ புதிய உயரழுத்தக் கம்பிக்கான எச்சரிக்கையைத் தமிழில் எழுத நேரின், ‘கம்பித்தடம் ஆற்றலூட்டப்படும்’ என்பது எவரையும் எச்சரிக்காது. கற்றார்க்கும் அது ஒருகணம் திகைப்பே. ‘இன்ன நாள் முதல் இக்கம்பியில் மின்சாரம் பாயும், தொடாதீர், கோபுரத்தில் ஏறாதீர், கால்நடைகளைக் கட்டாதீர்’ என்பதே அவ்வினையின் முழுப்பொருளையும் தரும் தமிழாக்கம்.