தத்தெடுப்பு: முத்திரைத்தாளில் எழுதி வாங்கினால் போதாது

குழந்தையில்லாத தம்பதியரிடம் தெரிந்தவர் யாராவது வந்து, "ஒரு பிள்ளை பிறந்திருக்கு, தாய்க்கு வளர்க்க வழியில்லை, முத்திரைத்தாளில் எழுதி வாங்கிக்கலாம்" என்று சொல்வது நம் ஊர்களில் புதிதல்ல. ஏங்கிய மனம் உடனே சரி என்றுவிடும். ஆனால் அது சட்டப்படி தத்தெடுப்பே அல்ல. சிறார் நீதிச் சட்டம் 2015-இன்படி, முறையின்றிக் குழந்தையைக் கொடுத்தாலும் வாங்கினாலும் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். பணம் கைமாறினால் அது குழந்தை விற்பனை. 5 ஆண்டு வரை கடுங்காவல். இதைவிடக் கொடியது, "உம்மா" என்று அழைக்கப் பழகிய பிள்ளையை அதிகாரிகள் மீட்டுக் காப்பகத்தில் சேர்ப்பது.

வளர்க்க இயலாத தாய் குழந்தையை ஒப்படைக்க வேண்டிய இடம் மாவட்ட குழந்தைகள் நலக்குழு. மனம் மாறினால் திரும்பப் பெற அவருக்கு இரண்டு மாத அவகாசமும் உண்டு. இப்படி ஒரு செய்தி உங்கள் காதுக்கு வந்தால் 1098-ஐ அழையுங்கள்.

முஸ்லிம்கள் சட்டப்படி தத்தெடுக்க முடியாது என்று இன்றும் பலர் எண்ணுகிறார்கள். ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் 2014 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், எந்த மதத்தவரும் சிறார் நீதிச் சட்டத்தின்கீழ் தத்தெடுக்கலாம் என்று தெளிவாகச் சொன்னது. அந்தச் சட்டம் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. விரும்பியவருக்கு வழி திறந்திருக்கிறது.

'காரா' எனப்படும் மத்திய தத்தெடுப்பு அமைப்பின் இணையதளத்தில் பதிவு செய்வதுதான் முதல் படி. திருமணமாகி இரண்டு ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை வேண்டுமெனில் இருவர் வயதையும் கூட்டினால் 85-ஐத் தாண்டக் கூடாது. பான் அட்டை, வருமானச் சான்று, மருத்துவச் சான்று, திருமணச் சான்று எல்லாம் கேட்பார்கள். ஜமாஅத் நிக்காஹ் பதிவேட்டோடு நிறுத்திக்கொண்டவர்கள் அரசுப் பதிவையும் முடித்துவிட்டால் அலைச்சல் குறையும். பிறகு சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து விசாரிப்பார். சோதனை என்று பயப்பட வேண்டாம். வீட்டின் பகட்டைப் பார்க்க அவர் வருவதில்லை.

அதன்பின் காத்திருப்பு. கைக்குழந்தைக்கு மூன்று ஆண்டுகளைத் தாண்டுவதும் உண்டு. முறை வரும்போது குழந்தையின் படமும் மருத்துவ அறிக்கையும் வரும். 48 மணி நேரத்துக்குள் சம்மதம் தெரிவிக்க வேண்டும். நேரில் பார்த்து ஏற்றபின், முதலில் வளர்ப்புப் பராமரிப்பாகக் குழந்தை வீட்டுக்கு வரும். தத்து ஆணையை 2022 செப்டம்பர் முதல் மாவட்ட ஆட்சியரே வழங்குகிறார். நீதிமன்றம் போக வேண்டியதில்லை.

இனி மார்க்கத்தின் பக்கம். அநாதையை வளர்ப்பதை இஸ்லாம் உயர்த்திச் சொல்கிறது. வம்சத்தை மாற்றுவதைத்தான் தடுக்கிறது. ஸைத் (ரலி) அவர்களை மக்கள் "முஹம்மதின் மகன்" என்று அழைத்துவந்தார்கள். அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் 4, 5 வசனங்கள் அதை மாற்றின. எனவே தத்துப் பிள்ளை என்பதைப் பிள்ளையிடம் சிறு வயதிலேயே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். கல்யாணப் பேச்சு வரும்போது அடுத்தவர் வாயால் தெரிவது பெரும் காயம்.

மஹ்ரம் கேள்விக்குப் பால்குடி உறவு ஒரு வழி. இரண்டு வயதுக்குள், பெண் குழந்தைக்குக் கணவரின் சகோதரி பாலூட்டினால் அவர் தாய்மாமன் ஆகிவிடுவார். ஆண் குழந்தைக்கு மனைவியின் சகோதரி ஊட்டினால் மனைவி சாச்சியோ பெரியம்மாவோ ஆவார். ஷாஃபிஈ மத்ஹபில் ஐந்து முறை ஊட்ட வேண்டும். ஹனஃபியில் ஒரு முறையே போதும். காத்திருப்பு நீள்வதால் எல்லோருக்கும் இது வாய்க்காது. உங்கள் ஆலிமிடம் முன்னதாகவே கேட்டுவையுங்கள்.

உறவினர் பிள்ளையை வளர்ப்பவர்களுக்கு வேறொரு வழியும் இருக்கிறது. 1890-ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டப்படி மாவட்ட நீதிமன்றத்தில் பாதுகாவலராகலாம். பிள்ளை பெற்றவர் பெயரிலேயே இருக்கும். பொறுப்பு பொதுவாக 18 வயதோடு முடியும்.

சொத்தைப் பொறுத்தவரை, சிறார் நீதிச் சட்டம் தத்துப் பிள்ளையைப் பெற்ற பிள்ளையாகவே கருதுகிறது. ஷரீஅத்தில் அதற்கு வாரிசுப் பங்கு கிடையாது. இந்த முரணை உங்களுக்குப் பின் உறவினர்கள் வழக்காக்க விடாதீர்கள். உயிரோடு இருக்கும்போதே ஹிபா கொடுத்து அனுபவத்தையும் ஒப்படைக்கலாம். அல்லது மூன்றில் ஒரு பங்கு வரை வஸிய்யத் எழுதலாம். எதுவாயினும் இரண்டு சாட்சிகளோடு எழுத்தில் இருக்கட்டும். வாரிசுகளுக்கும் இப்போதே தெரிந்திருக்கட்டும்.