பங்குக் கோயில்களின் பழைய மணிகளைச் செப்பனிடுதல்: காரைக்கால் பகுதியை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

காரைக்கால் பகுதியின் விழிதியூர் போன்ற சிற்றூர்களில் கோயில் மணியொன்று ஒலி மங்கினால் பங்கு மக்கள் முன் மூன்று வழிகள் உள்ளன. பதிவு செய்த மணியோசையை ஒலிபெருக்கியில் ஒலிக்கச் செய்யலாம்; பழைய மணியை உருக்கிப் புதிதாக வார்க்கலாம்; உள்ளதைச் செப்பனிடலாம். முதலிரண்டும் எளியவையாகத் தோன்றுவதால் மூன்றாவது போதிய அளவு ஆராயப்படாமல் போக வாய்ப்புண்டு. மணியின் உடலில் உள்ள எழுத்துகள் வட்டார வரலாற்று ஆவணம் என்பதையும், செப்பனிடும் பணியில் பெரும்பகுதி மணியின் வெண்கலத்தைத் தொடாமலே செய்யத்தக்கது என்பதையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

மணியில் உள்ள எழுத்து

1739இல் பிரெஞ்சுக்காரர் வசமான காரைக்கால், 1954 நவம்பர் 1ஆம் நாள் இந்திய நிருவாகத்தின்கீழ் வந்தது. 1776 முதல் இப்பகுதியின் கத்தோலிக்கப் பணி, பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபைக் குருக்களிடம் இருந்தது. எனவே இங்குள்ள பழைய மணிகளை ஆராய்வோர் பிரெஞ்சு நாட்டு மணி மரபை அறிந்திருத்தல் இன்றியமையாதது.

அம்மரபில் மணிக்குப் பெயர் சூட்டுவர். ஞானத்தந்தை, ஞானத்தாய் ஆகியோரையும் அமர்த்துவர். பழைய வழிபாட்டு முறைப்படி ஆயர் மணியைத் தீர்த்தத்தால் கழுவி, வெளிப்புறம் ஏழிடத்திலும் உட்புறம் நான்கிடத்திலும் எண்ணெய் பூசி மந்திரிப்பார். மக்கள் இதனை மணியின் ஞானஸ்நானம் என்றே வழங்கினர். மணியின் பெயர், ஞானப்பெற்றோர் பெயர், பங்குக்குரு, ஆயர், ஆண்டு, வார்ப்பகம் ஆகியவை மணியின் புறத்தே புடைப்பெழுத்தாக அமைவதுண்டு. பல மணிகளில் மணியே தன்மையில் நின்று தன் பெயரைச் சொல்வதாக வாசகம் அமையும். ஞானப்பெற்றோர் பெரும்பாலும் கொடை அளித்த குடும்பத்தினராவர். ஆகவே இவ்வெழுத்தைப் பங்கின் ஞானஸ்நானப் பதிவேட்டுடன் ஒப்பிட்டால், குறித்த ஆண்டில் ஊரில் செல்வாக்கு யாரிடம் இருந்தது என்பதை அறிய வழியுண்டு. தமிழ்ப் பெயர்கள் பிரெஞ்சு எழுத்தில் எவ்வாறு ஒலிபெயர்க்கப்பட்டன என்பதும் மொழியியல் ஆய்வுக்குரிய பொருளாகும்.

மணியெழுத்தின் ஆற்றலுக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு சான்று உண்டு. கோட்டைக்குள் ஒல்லாந்தர் கட்டிய தேவாலயத்தில் இருந்த மணியில், அற்புத மாதாவின் பெயரும் 1648ஆம் ஆண்டும் போர்த்துக்கீச மொழியில் காணப்பட்டன. ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய பின், சீர்திருத்தச் சபையின் வழிபாட்டிற்குக் கத்தோலிக்க மணியே அழைப்பு விடுத்தது என்பது இதனால் புலனாகிறது. நியூசிலாந்தில் 1830களில் வில்லியம் கொலென்சோ கண்ட தமிழ் மணியும் இத்தகையதே. விளிம்பு உடைந்து, மாவோரி மக்களின் உருளைக்கிழங்கு வேகவைக்கும் கலமாகிவிட்ட நிலையிலும், தான் மொகைதீன் பக்சு என்பவரின் கப்பல் மணி என்பதைத் தமிழெழுத்தால் அது உரைத்தது.

பழுது நேரும் இடம்

ஒலி மங்கிய மணி கெட்டுவிட்டது என முடிவு செய்வதற்கு முன் நுகம், நா, தாங்கு உருளை, சட்டம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கடற்கரைப் பகுதியின் உப்புக்காற்று வெண்கலத்தைவிட இரும்பையே விரைந்து அரிக்கிறது. பழைய மணிகள் சிலவற்றில், நாவைத் தொங்கவிடும் இரும்பு வளையம் மணியின் தலைப்பகுதியில் வார்ப்பின்போதே பதிக்கப்பட்டிருக்கும். இரும்பு துருப்பிடித்தால் பருமன் பெருகும். அவ்விரிவு தாங்காமல் வெண்கலத் தலை வெடிக்கும். கீழே நின்று பார்ப்பவர் கண்ணுக்கு இது புலப்படாது. பதிந்த இரும்பைத் துளைத்தெடுத்துவிட்டு, மணியோடு ஒட்டாத தனித் தண்டில் நாவைத் தொங்கவிடுவதே இதற்கு ஏற்ற மாற்று.

கயிற்றை நாவில் கட்டி இழுத்தடிக்கும் வழக்கமும் தீங்கானது. அடித்தவுடன் நா விலகாமல் விளிம்பில் ஒட்டி நிற்குமாயின் அதிர்வு தடைப்பட்டுக் கீறல் தோன்றும். நா ஒரே இடத்தில் அடித்து அவ்விடம் தேய்ந்திருந்தால், மணியைக் கால் வட்டம் திருப்பித் தொங்கவிடுவது போதுமானது. லண்டன் பிக் பென் மணி 1859இல் ஒலிக்கத் தொடங்கிய சில திங்களிலேயே விரிசல் கண்டது. அதனைச் சற்றே திருப்பிச் சுத்தியலின் எடையையும் குறைத்தனர். விரிசலோடே இன்றும் அது ஒலிக்கிறது.

இறக்கும் பணிக்கு முன் எடையை மதிப்பிட வேண்டும். வாயகலம் 1 மீட்டர் உள்ள மணி ஏறத்தாழ 600 கிலோ இருக்கும். சுண்ணாம்புக் காரையால் கட்டிய பழைய மணிக்கூண்டில் இவ்வெடையை இறக்குவது ஊர் இளைஞர்களின் கைவலிமையை நம்பிச் செய்யும் வேலையன்று.

உருக்குதலும் ஒட்டுதலும்

மணி வெண்கலம் என்பது ஏறத்தாழ 78 பங்கு செம்பும் 22 பங்கு வெள்ளீயமும் கலந்தது. நாச்சியார்கோவில் குத்துவிளக்கின் பித்தளையோ செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது. இரண்டும் வேறு உலோகங்கள்; ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வார்த்தால் ஓசை மாறும். வெள்ளீயம் மிகுந்திருப்பதால் மணி நன்கு ஒலிக்கிறது. அதனாலேயே எளிதில் உடையவும் செய்கிறது. ஆதலின் விரிசலைச் சாதாரணப் பட்டறையில் பற்றவைத்தால் அது மேலும் பரவும். மணி முழுவதையும் உலையில் சில நூறு பாகை வரை சீராகச் சூடேற்றி, அதே கலவையால் பற்றவைத்து, மெல்ல ஆறவிட வேண்டும். ஜெர்மனியின் நோர்ட்லிங்கன் நகரம் இத்தொழிலுக்குப் பெயர் பெற்றது.

உருக்கும் முடிவு எத்துணை விவாதத்திற்குரியது என்பதைப் பாரிஸ் நோத்ர தாம் பேராலயம் காட்டியது. அதன் வடகோபுரத்தில் 1856இல் வைக்கப்பட்ட நான்கு மணிகள் சுருதி பொருந்தாதவை எனக் கருதப்பட்டு, 2013ஆம் ஆண்டு விழாவையொட்டிப் புதியன வார்க்கப்பட்டன. பழையவற்றை உருக்கும் திட்டம் எதிர்ப்பாலும் வழக்காலும் நின்றுபோயிற்று. சுருதி பிசகியவை எனப்பட்ட மணிகளுக்கே அத்தகைய காப்பு வேண்டுமெனில், பழுது இன்னதெனக் கண்டறியப்படாத சிற்றூர் மணியை உருக்க ஒப்புவது முறையாகாது என்பது இக்கட்டுரையாளர் கருத்து.

ஓசையைப் பதிவு செய்தல்

ஒரு மணியின் ஓசை பல சுரங்களின் கூட்டு. அடியொலி, முதலொலி, அதன்மேல் சிறுமூன்றாம் இடைவெளி, ஐந்தாம் இடைவெளி, மேல்எட்டு ஆகிய ஐந்தும் முதன்மையானவை. பழைய மணிகளில் இவை கணக்குப்படி அமைவதில்லை. அப்பிசகே அந்தந்த ஊர் மணியை அடையாளம் காட்டுகிறது. உட்புறத்தைக் கடைந்து சுருதி சேர்ப்பவர் நீக்கிய உலோகத்தை மீண்டும் வைக்க இயலாது.

எனவே இறக்குவதற்கு முன்பே எழுத்துகளின் மைப்படி, அளவுகள், நிழற்படம், ஒலிப்பதிவு ஆகியவற்றை எடுத்தல் வேண்டும். ஒலிப்பதிவில் மணியோடு அடிக்கும் முறையும் இடம்பெற வேண்டும். மூவேளைச் செப மணிக்கு மும்மூன்றாக அடித்துப் பின் தொடர்ந்து அடிப்பதும், துக்க மணிக்கு இடைவெளி விட்டு அடிப்பதும் எழுத்தில் இல்லாத அறிவு. திருவாரூர் ஆராய்ச்சி மணியின் கதையில் மணியை அசைத்தது பசு. காரைக்கால் பகுதியிலோ அதனை அடிக்கும் கோயிற்பிள்ளையின் கைக்கணக்கே அவ்வறிவைக் காத்துவருகிறது. மின்விசையால் இயங்கும் சுத்தியலைப் பொருத்துவதாயின் அவரிடம் கேட்டு அந்த இடைவெளிகளை நொடிக்கணக்கில் குறித்துக்கொண்ட பிறகே பொருத்துதல் வேண்டும்.