செவன் டெட்லி ஃபின்ஸ்

செவன் டெட்லி ஃபின்ஸ் என்பது இங்கிலாந்து இசைக்கலைஞர் பிரையன் ஈனோ 1974 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வெளியிட்ட தனிப்பாடல் ஆகும். ஐலண்ட் ரெக்கார்ட்ஸ் நிறுவனம் இதனை ஏழு அங்குல இசைத்தட்டாக வெளியிட்டது. கிளாம் ராக் வகையைச் சேர்ந்த இப்பாடல் பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் இடம்பெறவில்லை. ஈனோ அக்காலத்தில் வெளியிட்ட இசைத்தொகுப்புகள் எதிலும் சேர்க்கப்படவும் இல்லை. ஆயினும் ஈனோவின் ரசிகர்கள் பலருக்கு இது மிகவும் விருப்பமான பாடல்களுள் ஒன்றாக உள்ளது.

பின்னணி

கிளாம் ராக் என்பது 1970களின் தொடக்கத்தில் பிரித்தானியாவில் எழுந்த இசைப்பாணி ஆகும். பளபளக்கும் உடைகள், முகப்பூச்சு, நாடகத்தன்மை வாய்ந்த மேடைத் தோற்றம், எளிதில் மனதில் பதியும் தாளம் ஆகியவை இதன் அடையாளங்கள். டி. ரெக்ஸ், டேவிட் போவி, சிலேடு முதலியோர் இப்பாணியில் புகழ்பெற்றனர்.

ஈனோ 1971 இல் ராக்சி மியூசிக் குழுவில் இணைந்தார். ஓவியக் கல்லூரியில் பயின்ற அவர் முறையாக இசை கற்றவர் அல்லர். விசிஎஸ் 3 என்னும் சின்தசைசர் கருவியைக் கொண்டு, குழுவினர் வாசிக்கும் ஒலிகளை மாற்றியமைப்பதே அவரது முதன்மைப் பணியாக இருந்தது. பாடகர் பிரையன் ஃபெரியுடன் ஏற்பட்ட கருத்து வேறுபாட்டால் 1973 இல் அவர் குழுவிலிருந்து விலகினார். 1974 தொடக்கத்தில் வெளிவந்த அவரது முதல் தனி இசைத்தொகுப்பான ஹியர் கம் த வார்ம் ஜெட்ஸ், பிரித்தானியப் பட்டியலில் 26 ஆம் இடத்தைப் பெற்றது. அதே காலத்தில் த விங்கீஸ் குழுவுடன் அவர் இசைப்பயணம் மேற்கொண்டார். சில நிகழ்ச்சிகள் முடிந்த நிலையில் நுரையீரல் பாதிப்பினால் அப்பயணம் நிறுத்தப்பட்டது. அதன் பின்னரே இத்தனிப்பாடல் வெளிவந்தது.

பெயரும் இசையும்

கிறித்தவ மரபில் கூறப்படும் ஏழு தலையான பாவங்களுக்கான ஆங்கிலத் தொடரில், பாவத்தைக் குறிக்கும் சொல்லுக்குப் பதிலாக ஃபின்லாந்து நாட்டவரைக் குறிக்கும் சொல்லை இட்டு இச்சிலேடைத் தலைப்பு அமைக்கப்பட்டுள்ளது. பிரெஞ்சுத் துறைமுகம் ஒன்றில் வந்திறங்கும் ஏழு ஃபின்லாந்து மாலுமிகளைப் பற்றிய நகைச்சுவைக் கதையே பாடலின் பொருள்.

வேகமான தாளமும், கரகரப்பான கித்தார் ஒலியும், கத்துவது போன்ற பாடல்முறையும் கொண்டது இப்பாடல். பங்க் ராக் 1976 இல் பரவலாக அறியப்படுவதற்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் முன்னதாக வெளிவந்ததால், அப்பாணியின் முன்னோடிகளுள் ஒன்றாகவும் இது கருதப்படுகிறது. பாடலின் இறுதியில் ஈனோ யோடல் முறையில் பாடுகிறார். யோடல் என்பது இயல்பான குரலுக்கும் கள்ளக்குரலுக்கும் இடையே விரைந்து தாவிப் பாடும் முறையாகும். ஆல்ப்ஸ் மலை மக்களிடையே வழங்கும் இம்முறையை இரைச்சல் மிகுந்த ராக் பாடலின் முடிவில் வைத்தது எதிர்பாராத சோதனை எனலாம்.

மறுபக்கம்

இசைத்தட்டின் மறுபக்கத்தில் லேட்டர் ஆன் என்னும் பதிவு உள்ளது. இது கித்தார் கலைஞர் ராபர்ட் ஃபிரிப்புடன் ஈனோ மேற்கொண்ட ஒலிநாடாச் சோதனைகளிலிருந்து உருவானது. அச்சோதனைகளில் இரண்டு ஒலிப்பதிவுக் கருவிகள் அருகருகே வைக்கப்பட்டன. முதல் கருவியில் பதிவான நாடா சற்றுத் தொலைவிலுள்ள இரண்டாம் கருவிக்குச் சென்று அங்கு ஒலிக்கும். அவ்வொலி மீண்டும் முதல் கருவிக்கு அனுப்பப்பட்டுப் பதிவாகும். இதனால் வாசித்த ஒலி சில விநாடிகள் கழித்துத் திரும்பி வந்து, அடுக்கடுக்காகப் படிந்து, மெல்லத் தேயும்.

விற்பனையும் மறதியும்

1974 இன் முதல் மாதங்களில் மட், சூசி குவாட்ரோ, ஆல்வின் ஸ்டார்டஸ்ட் ஆகியோரின் பாடல்கள் பிரித்தானியப் பட்டியலில் முதலிடம் பெற்றன. இவர்களுடன் ஒப்பிடுகையில் ஈனோவின் பாடல் கேட்போருக்கு விசித்திரமாக இருந்தது. நெதர்லாந்தின் டாப் பாப் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவர் இதனைப் பாடிய காட்சி இன்றும் காணக்கிடைக்கிறது.

ஒரு தனிப்பாடல் இசைத்தொகுப்பில் சேர்க்கப்படாவிடில், அதன் தட்டுகள் விற்றுத் தீர்ந்தபின் அதனைக் கேட்கும் வழி குறுகிவிடுகிறது. இப்பாடலுக்கும் அதுவே நேர்ந்தது. 1983 இல் வெளிவந்த வொர்க்கிங் பேக்வர்ட்ஸ் பெட்டித் தொகுப்பிலும், 1993 இல் வெளிவந்த ஈனோவின் குரலிசைப் பெட்டித் தொகுப்பிலும் இது மீண்டும் இடம்பெற்றது. இடைப்பட்ட காலத்தில் பழைய இசைத்தட்டுகளைப் பாதுகாத்த ரசிகர்களே இப்பாடலின் நினைவைக் காத்தனர்.

ரசிகர்களின் பற்று

1975 க்குப் பின் ஈனோவின் இசை வேறு திசையில் சென்றது. டிஸ்கிரீட் மியூசிக், மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ் ஆகியவற்றின் வாயிலாக, ஆம்பியன்ட் இசை எனப்படும் அமைதியான சூழலிசையின் முன்னோடியாக அவர் அறியப்பட்டார். விண்டோஸ் 95 இயங்குதளத்தின் தொடக்க ஒலியை அமைத்தவரும் இவரே. இவ்வாறு அமைதிக்கும் ஆழ்ந்த சிந்தனைக்கும் பெயர்பெற்ற ஒருவர், ஒருகாலத்தில் மாலுமிகளைப் பற்றிக் கூச்சலிட்டு யோடல் பாடினார் என்பது இப்பாடலை விரும்புவோருக்கு மகிழ்ச்சி தரும் முரணாகும்.

இதனை வெறும் வேடிக்கைப் பாடலாகக் கருதுவோரும் உண்டு. எனினும், இவ்விசைத்தட்டின் ஒருபக்கம் ஈனோ பின்னர் கைவிட்ட வழியையும், மறுபக்கம் அவர் தேர்ந்தெடுத்த வழியையும் காட்டுகின்றன. விற்பனையில் தோற்ற ஒரு சிறிய தட்டு, ஒரு கலைஞன் இரு வழிகள் பிரியும் இடத்தில் நின்ற காலத்தின் பதிவாக அமைந்துள்ளது என்பது குறிப்பிடத்தக்கது.