சேர்த்திச் சார்பும் திருகோணமலைக் கடற்படமும்

அட்சரகணிதத்திற் சேர்த்திச் சார்பு பற்றிய வினாக்களுக்கு விடையளிக்கும் மாணாக்கர் பெரும்பாலும் கணிப்பிற் பிழைவிடுவதில்லை, வரிசையிற் பிழைவிடுகின்றனர். ஒரு சார்பின் பெறுமானத்தை மற்றொரு சார்பிற் பிரதியிடுவதே சேர்த்தி. எதனை முதலிற் செய்வது என்பதிலேயே அதன் பொருள் தங்கியுள்ளது. திருகோணமலைத் துறைமுகத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டை நோக்குவோம்.

1957 இல் பிரித்தானியக் கடற்படை அத்துறைமுகத்தை விட்டு நீங்கியது. அதன் காலத்துக் கடற்படங்கள் ஆழத்தைப் பாகக் கணக்கிற் குறித்தன. நம் மீனவர்க்கும் பழக்கமான இவ்வளவு ஆறு அடி, அதாவது 1.8288 மீற்றர். கடற்படம் காட்டுவது நீர் மிகத் தாழ்ந்துள்ள நிலைக்குரிய ஆழம். அவ்வேளைக்குரிய பெருக்கின் உயரத்தையும் கூட்டினாலே உண்மை ஆழம் கிட்டும். திருகோணமலையில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீற்றரை எட்டுவதில்லை. ஒரு வேளையில் அவ்வுயரம் 0.5 மீற்றர் எனக் கொள்வோம்.

பாகத்தை மீற்றராக்கும் சார்பு ப(ஆ) = 1.8288 ஆ. பெருக்கைக் கூட்டும் சார்பு வ(ஆ) = ஆ + 0.5. படத்தில் 5 பாகம் எனக் குறித்த இடத்தில்,

வ(ப(5)) = 9.144 + 0.5 = 9.644
ப(வ(5)) = 1.8288 × 5.5 = 10.0584

மிதப்பதற்கு 9.8 மீற்றர் நீர் வேண்டும் கப்பலொன்றை இரண்டாவது விடை உள்ளே அழைக்கும்; முதலாவது விடையோ அது தரைதட்டும் என்கிறது. முதலாவதே சரி. இரண்டாவதில் அரை மீற்றர் அரைப் பாகமாகக் கருதப்பட்டுவிட்டது. 41 சதமமீற்றர் பொய் நீர் அவ்வாறு வந்ததே. பிழையான வரிசையும் ஐயத்துக்கிடமற்ற ஓர் எண்ணைத் தருகிறது. கோவையைப் பார்த்து மட்டும் அதனை இனங்காண இயலாது.

குழப்பத்துக்குக் குறியீடும் ஒரு காரணம். வ∘ப என எழுதுகையில் முன்னே நிற்பது வ. முதலில் இயங்குவதோ ப. தமிழின் ஆறாம் வேற்றுமைத் தொடர் இவ்வகையில் நமக்கு வாய்ப்பானது. ‘மாலுமியின் தாயின் தந்தை’ என்னும்போது செயலின் வரிசையும் சொல்லின் வரிசையும் ஒன்றே. ‘மாலுமியின் தந்தையின் தாய்’ வேறொருவர் என்பதைக் குழந்தையும் அறியும். வகுப்பறையில் ‘ஆ இன் ப இன் வ’ என வாய்விட்டு வாசிக்கச் செய்தாற் பாதிப் பிழைகள் குறையும் என்பது என் எண்ணம்.

வினாவை மறுதலையாகவும் கேட்கலாம். அக்கப்பலின் அடிக்கும் கடலடிக்கும் இடையே 0.4 மீற்றர் வேண்டுமெனின், படத்தில் எத்தனை பாகம் இருத்தல் வேண்டும்? வ(ப(ஆ)) = 10.2. இறுதியிற் செய்ததை முதலில் நீக்குக: 10.2 − 0.5 = 9.7. பின்னர் 1.8288 ஆல் வகுக்க, ஆ = 5.304. இதனை 5.30 எனச் சுருக்குவது பரீட்சைத்தாளில் ஏற்புடையது, மாலுமி 5.31 என்றே கொள்வான்.