சிகாகோ வாங்கியது... முகப்பேருக்கு வந்தது! ஒரு லட்சம் ஆவணங்களைக் காத்த கதை

பரணைச் சுத்தம் செய்யும்போது கிடைக்கும் பழைய கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ், அட்டை கிழிந்த வார இதழ்... அண்ணனூரானாலும் ஆவடியானாலும் பெரும்பாலான வீடுகளில் இவை போய்ச் சேரும் இடம் பழைய பேப்பர் கடைதான். ஆனால், இப்படிப்பட்ட காகிதங்களைத் தேடித் தேடிச் சேர்த்தவர் ஒருவர் இருந்தார்.

அவர் கோட்டையூர் ரோஜா முத்தையா. விளம்பரப் பலகை எழுதும் ஓவியரான அவர், புத்தகங்களோடு நோட்டீஸ்களையும் அழைப்பிதழ்களையும்கூட விடவில்லை. 1992-ல் அவர் மறைந்தபோது, வீட்டில் இருந்தவை சுமார் ஒரு லட்சம்!

அவற்றைத் தனித்தனியாக விற்றிருந்தால் எல்லாம் சிதறிப்போயிருக்கும். 1994-ல் சிகாகோ பல்கலைக்கழகம் மொத்தமாக வாங்கியது. 'அப்படியானால் அமெரிக்காவுக்குப் போய்விட்டதா?' என்றுதானே கேட்கிறீர்கள்? இல்லை. தமிழ் நூல்கள் தமிழ்நாட்டிலேயே இருக்கட்டும் என முடிவானது. அண்ணனூரிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டைத் தாண்டினால் வரும் முகப்பேரில்தான் 'ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம்' தொடங்கியது. இப்போது தரமணியில் இயங்குகிறது.

வாங்கினால் மட்டும் போதுமா?

ஆவணக் காப்பாளரின் வேலை அதன் பிறகுதான் ஆரம்பம். பூச்சி அரித்தவற்றைத் தனியே பிரிக்க வேண்டும். பக்கம் பக்கமாகத் தூசி தட்ட வேண்டும். தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, அச்சகம் எனப் பட்டியலிட வேண்டும். பட்டியலில் இல்லாத புத்தகம், அலமாரியில் இருந்தும் இல்லாததுதான்!

தொட்டாலே உதிரும் நூல்களை மைக்ரோஃபிலிமில் படம் எடுத்தார்கள். குளிர்ச்சியான, ஈரமில்லாத அறையில் வைத்தால் அந்த ஃபிலிம் நூற்றாண்டுகள் தாங்கும். அதிலிருந்து பிரதி எடுக்க முடியும் என்பதால், சிகாகோவில் இருப்பவரும் படிக்கலாம். மூல நூலோ சென்னையை விட்டு நகர வேண்டியதில்லை.

உங்கள் வீட்டில் இருந்தால்...

* கிழிந்த பக்கத்தில் செல்லோடேப் ஒட்டாதீர்கள். அதன் பசை காகிதத்தைப் பழுப்பாக்கிவிடும்.
* லேமினேஷன் வேண்டாம். பிறகு பிரிக்கவே முடியாது.
* வெயில், ஈரம் படாமல் வையுங்கள்.
* யாருடையது, எந்த ஆண்டு என்று பென்சிலால் பின்புறம் எழுதுங்கள்.

எடைக்குப் போடும் முன், ஒருமுறை பிரித்துப் பாருங்கள். தாத்தா பார்த்த நாடகத்துக்கு மிஞ்சியிருக்கும் ஒரே சாட்சி, உங்கள் பரணில் இருக்கும் அந்த நோட்டீஸாகவே இருக்கலாம்!