பூவரசங்குளத்துப் பிள்ளையும் இரசாயனவியல் பாடமும்

வவுனியா நகரிலிருந்து மன்னார் வீதியால் சென்றால் பம்பைமடுவைக் கடந்து பூவரசங்குளம் வருகிறது. வயலையும் தோட்டத்தையும் நம்பி வாழும் குடும்பங்களின் ஊர். பம்பைமடுவில் வவுனியாப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகி, 2021 ஆகஸ்ட் முதல் தனிப் பல்கலைக்கழகமாக இயங்கும் இந்நிறுவனத்தில் பிரயோக விஞ்ஞான பீடமும் உண்டு. நகரத்துக்குப் போகும் பஸ்ஸில் இருந்து எமது பிள்ளைகள் அந்த வாசலை நாளும் காண்கிறார்கள். விஞ்ஞான மாணவராக அதனுள் நுழைய வேண்டுமானால் இரசாயனவியல் என்ற பாடத்தைத் தாண்டியாக வேண்டும்.

எங்கே இடறுகிறார்கள்?

பதினோராம் தரம் வரை இரசாயனவியல் தனிப்பாடமல்ல. விஞ்ஞானம் என்னும் பாடத்துள் உயிரியல், பௌதிகவியல் ஆகியவற்றோடு கலந்து வருகிறது. க.பொ.த. உயர்தரத்திலேதான் தனியாகப் பிரிந்து முழுப் பாரத்தோடும் மாணவர் தோளில் ஏறுகிறது. மருத்துவம், விவசாய விஞ்ஞானம், பொறியியல் எதை விரும்பினாலும் இப்பாடம் வேண்டும். உயர்தர விஞ்ஞான வகுப்புக்களோ 1ஏபி தரப் பாடசாலைகளில் மட்டுமே நடக்கின்றன. அத்தகைய பாடசாலை ஊரில் இல்லாத பிள்ளை விடியற்காலையில் பஸ் ஏற வேண்டும், அல்லது நகரத்தில் உறவினர் வீட்டில் தங்க வேண்டும். பல பெற்றோர், குறிப்பாகப் பெண்பிள்ளைகளின் பெற்றோர், இந்த இடத்திலேயே "கலைப்பிரிவு போதும்" என்று முடிவெடுத்து விடுகிறார்கள்.

மாவட்ட ஒதுக்கீடு இருக்கிறதே எனச் சிலர் கேட்கலாம். பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் செல்கிறது. அந்தப் பதினாறில் வவுனியாவும் ஒன்று. ஆனால் ஒதுக்கீடு மாவட்டத்தை ஒன்றாகவே பார்க்கிறது. நகரத்தில் ரியூசனுக்குப் போகும் பிள்ளையும், மாலையில் மாடு கட்டிவிட்டுப் புத்தகம் எடுக்கும் பிள்ளையும் ஒரே இடத்துக்குத்தான் போட்டியிடுகிறார்கள்.

தமிழில் இது புதிதல்ல

இரசாயனவியல் ஆங்கிலக்காரரின் படிப்பு, எம்மவருக்கு எட்டாது என்னும் எண்ணம் இன்னும் சில வீடுகளில் உண்டு. 1847இல் அமெரிக்க மிசனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் இலங்கை வந்து, மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். தமிழ்ப் பிள்ளை தமிழிலேயே மருத்துவம் கற்க வேண்டும் என்று அவர் துணிந்தார். அவரது முயற்சியால் உருவான தமிழ் மருத்துவ, விஞ்ஞான நூல்களுள் 1875இல் வெளிவந்த "கெமிஸ்தம்" என்னும் இரசாயன நூலும் ஒன்று. ஆகவே இப்பாடம் எம் மொழிக்குள் வந்து ஒன்றரை நூற்றாண்டு ஆகிறது.

இன்றைய பிள்ளைக்குள்ள சிக்கல் வேறு. எமது பாடநூலில் ஒட்சிசன், நைதரசன், காபன் என்றிருக்கும். தமிழ்நாட்டுப் புத்தகத்தில் அவையே ஆக்சிஜன், நைட்ரஜன், கார்பன். பாடத்தின் பெயரே அங்கு வேதியியல். பல்கலைக்கழகத்துக்குப் போனால் எல்லாம் ஆங்கிலம். வழிகாட்ட ஒருவர் இல்லாத பிள்ளை மூன்று பெயருக்கும் மூன்று பொருள் எனக் குழம்பிவிடுகிறது. எல்லோருக்கும் பொதுவான குறியீடுகளை முதலில் மனத்தில் பதித்துவிட்டால் இக்குழப்பம் பெரும்பாலும் தீரும்.

வயலில் ஒரு கணக்கு

தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை நிலவிய வன்னிப் பகுதிகளில் யூரியாவும் மண்ணெண்ணெயும் மின்கலமும் எளிதில் கிடைக்காதிருந்தன. ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் பிள்ளைகள் சமன்பாடுகளைப் படித்தார்கள். அன்று கிடைக்காத அந்த யூரியாவே இன்று சிறந்த பாடமாகும். அதன் மூலக்கூற்றில் ஒரு காபன், ஓர் ஒட்சிசன், இரண்டு நைதரசன், நான்கு ஐதரசன் அணுக்கள் உள்ளன. திணிவுகளைக் கூட்டினால் 60. அதில் நைதரசன் 28. அதாவது நூற்றுக்கு 46 வீதத்துக்குச் சற்று மேல். பசளைப் பையில் 46 என்று அச்சிட்டிருப்பதன் பொருள் இதுதான். 50 கிலோப் பையொன்றில் நைதரசன் 23 கிலோ.

2021 மே மாதம் அசேதனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்து, நவம்பரில் தளர்த்தப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் கமக்காரர் பட்டபாட்டை நாம் மறக்கவில்லை. கூட்டெருவில் நைதரசன் நூற்றுக்கு இரண்டு வீதம் என்று வைத்துக்கொண்டாலும், ஒரு பை யூரியாவின் நைதரசனைப் பெற ஆயிரம் கிலோவுக்கு மேல் எரு தேவை. இக்கணக்கைத் தகப்பனுக்குச் செய்து காட்டக்கூடிய பிள்ளை வீட்டில் இருப்பது பெரிய பலம். இன்னொரு வேடிக்கை: வயலில் அசேதனப் பசளை என்று நாம் சொல்லும் யூரியா, இரசாயனவியலில் சேதனச் சேர்வையாகும். 1828இல் ஜேர்மனியரான வோலர் அதை ஆய்வுகூடத்தில் ஆக்கியது வரலாற்றுப் புகழ் பெற்ற நிகழ்ச்சி.

கிணற்றில் ஒரு கேள்வி

வவுனியா மாவட்டக் கிணறுகள் சிலவற்றின் நீரில் புளோரைட்டு மிகுதியாக உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். அதை மீறிய நீரைச் சிறுவயது முதல் குடித்தால் பற்களில் கறை படிகிறது. அயலிலுள்ள வடமத்திய மாகாணத்தில் தொண்ணூறுகளில் கவனத்துக்கு வந்த, காரணம் இன்னும் உறுதிப்படாத சிறுநீரக நோய் வவுனியாவிலும் காணப்படுகிறது. "கொதிக்க வைத்துத்தானே குடிக்கிறோம்" என்கிறார்கள் எமது தாய்மார். கொதித்தால் கிருமி சாகும், புளோரைட்டு போகாது. நீர் வற்றும்போது அதன் செறிவு கூடவே செய்யும். இதை அறிந்த பிள்ளையின் படிப்பு பரீட்சை மண்டபத்துக்கு வெளியிலும் உதவுகிறது.

காசில்லாத ஆய்வுகூடம்

கண்ணாடிக் குழாய்கள் இல்லை என்று கைகட்டி இருக்கத் தேவையில்லை. செவ்வரத்தம்பூவைக் கொதிநீரில் ஊறவிட்டு வடித்தால் காட்டி கிடைக்கும். தேசிக்காய்ச் சாற்றில் அது சிவக்கும். சவர்க்கார நீரில் பச்சையாகும். மஞ்சள் தோய்ந்த துணியில் சவர்க்காரம் பட்டால் செந்நிறமாவதும் இதே பாடம். சுண்ணாம்பின் தெளிநீரில் குழாயால் மெல்ல ஊதினால் பால்போல் கலங்கும். அந்நீரை வாயில் எடுக்கக் கூடாது. தொடர்ந்து ஊதினால் மீண்டும் தெளியும். அதைக் கொதிக்க வைத்தால் வெண்படிவு இறங்கும். கேத்தலின் அடியில் படியும் வெள்ளைக் கல் இதுவே.

நாம் செய்யக்கூடியவை

பங்கு மண்டபங்களும் ஆலய முன்றில்களும் மாலையில் வெறுமையாகவே கிடக்கின்றன. அங்கு ஒரு மேசையும் நல்ல விளக்கும் வைக்கலாம். பல்கலைக்கழக மாணவர் சிலரை வாரத்தில் ஒருநாள் வந்து கற்பிக்கும்படி கேட்கலாம். மூன்று பெயர்களையும் குறியீட்டோடு எழுதிச் சுவரில் தொங்கவிடலாம். நகரத்துப் பாடசாலைக்குப் போகும் பிள்ளைகளின் பஸ் செலவை மாதர் சங்கமோ கமக்காரர் அமைப்போ பகிர்ந்து கொள்ளலாம். பத்தாம் தரத்திலேயே இது தொடங்க வேண்டும்; உயர்தரத்தில் தொடங்கினால் காலம் பிந்திவிடும்.

தாலந்து உவமையில் ஒரு தாலந்து பெற்றவன் அஞ்சி அதை நிலத்தில் புதைத்து வைத்தான். எமது ஊர்களில் பிள்ளைகளின் திறமையைப் புதைப்பவர்கள் பெரும்பாலும் பிள்ளைகள் அல்லர். அடுத்த உயர்தர வகுப்புக்கு விண்ணப்பம் நிரப்பும் நாளுக்கு முன் ஒவ்வொரு பெற்றோரும் ஆசிரியரும் தம் பிள்ளையிடம் "உனக்கு என்ன படிக்க விருப்பம்?" என்று ஒருமுறை கேட்கட்டும். பதிலைப் பொறுமையோடு கேட்கட்டும்.